கறக்கிற மாட்டுக்கும் சினை ஊசி வேண்டும்

கன்று போட்டுப் பத்து மாதம் தாண்டியும் சினை ஊசி போடாமல், 'கறக்கிறவரை கறக்கட்டும்' என்று மாட்டை நிறுத்தி வைக்கலாமா? மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழிப் பக்கத்தில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்துப் பிழைப்பவர்களான எங்கள் சங்கத்தின் முடிவு: கூடாது.

டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் சினையை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பத்தாம் மாதத்திலும் 20 லிட்டருக்கு மேல் கறக்கும் மாடுகள் உண்டு. அந்த மடியை வற்றவைப்பதே ஆபத்து, மடிநோய் வரும். நம் கொட்டிலில் நிற்பதோ ஜெர்சி கலப்பு. இரண்டாம் மாதம் பத்து லிட்டர் கறந்தது, பத்தாம் மாதம் மூன்று நான்குக்கு இறங்கிவிடும். தீவனச் செலவு அப்படி இறங்குவதில்லை. சினை பிடித்தால் பால் போய்விடும் என்று பயப்படுகிறோம்; ஐந்தாம் மாதச் சினை வரை பெரிதாகக் குறையாது. 13 மாதத்துக்கு ஒரு கன்று என்றால் ஐந்து வருடத்தில் நாலைந்து ஈற்று. 20 மாதமானால் மூன்றே மூன்று.

இங்கே கறவை நீளுவது பெரும்பாலும் யாரும் விரும்பி அல்ல; பருவம் கண்ணில் படாமல் போவதால்தான். சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுகிறோம். மாட்டை அவிழ்த்துவிட வயல் இல்லை. ஒற்றை மாடு தறியில் நின்றால் தாண்டிக் காட்டத் துணை ஏது? பருவம் இருப்பதே 12 முதல் 18 மணி நேரம், அதுவும் பலநேரம் இரவில். விடியற்காலையில் சாணி அள்ளும்போது வாலடியில் கண்ணாடி நூலாய்த் தொங்கும் வழும்புதான் நமக்குக் கிடைக்கும் அடையாளம். அதைப் பார்க்காமல் கழுவிவிட்டால் இன்னும் 21 நாள் போச்சு. வைக்கோலையே தின்னும் மாட்டில் அதுவும் சரியாகத் தெரியாது. வைக்கோலில் புரதமும் பாஸ்பரசும் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துக்கொள்கிறது.

ஈன்று 60 நாள் கழித்து வரும் பருவத்தைத் தவறவிடக் கூடாது. காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. 90 நாளாகியும் பருவம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று ஊசிக்கும் சினை நிற்காத மாட்டுக்கு, பரிசோதிக்காமல் நான்காவது ஊசி போடக் கூடாது. தினம் 50 கிராம் தாது உப்பும் கொஞ்சம் பசுந்தீவனமும் கட்டாயம். அபூர்வமாக அதிகம் கறக்கும் மாட்டுக்கு மட்டும், மருத்துவர் சொன்னால் சினை ஊசியைத் தள்ளிப்போடலாம்.

மாடு ஞாயிற்றுக்கிழமையும் பருவத்துக்கு வரும். கால்நடை மருந்தகங்களில் விடுமுறை நாளிலும் மாலையிலும் சினை ஊசி கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்களிலேயே தாது உப்பு விற்க வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொட்டிலில் ஒரு காலண்டரை மாட்டி, ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள் மூன்றையும் இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.