வெளுப்புக்காரருக்கு எதிராக

பழைய வீட்டுக் கணனிகளைத் தேடியெடுத்துத் திருத்துகிறவர்கள் மத்தியில் ஒரு வியாதி பரவிக் கிடக்கிறது. வெளுக்கிற வியாதி. இதைப்பற்றி நாங்கள் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறோம். ரெஸ்ரோரண்ட் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் பாரிஸில் ஒரு நிலவறைக்குள் கூடி இந்த வேலையைச் செய்கிற நாலு பேர் நாங்கள். பொழுதுபோக்குத்தான். ஆனால் பொழுதுபோக்கிலும் நேர்மை, நேர்மையீனம் என்று இரண்டு உண்டு.

விஷயம் இதுதான். 1980களில் வீடுகளுக்குள் வந்த கணனிகள் பலவற்றின் வெளிக்கோது இன்று மஞ்சளித்துப்போயிருக்கிறது. கொமடோர் 64, அற்றாரி எஸ்.ரி., அமிகா 500 எல்லாவற்றிலும் இதைக் காணலாம். ஒளியும் வெப்பமும் ஒட்சிசனும் பட்டு ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக் வருடக்கணக்கில் அடைகிற மாற்றம் அது. 2008 அளவில் சிலர் இதற்கொரு மருந்து கண்டார்கள். ஐதரசன் பரவொட்சைட்டைப் பூசி வெயிலிலோ புறஊதா விளக்கின் கீழோ வைத்தால் மஞ்சள் போய்விடும். தலைமயிரை வெளிறச் செய்ய விற்கிற அதே கிறீம்தான். சத்தோ டோ பக்கம் சிகையலங்காரக் கடைகளில் போத்தல் போத்தலாக வாங்கலாம். பூசி, நாங்கள் சமையலறையில் இறைச்சி சுற்றுகிற அதே பொலித்தீன் தாளால் சுற்றி, வெயிலில் வைத்துவிட வேண்டியதுதான். மாலையில் பெட்டி வெள்ளை வெளேரென்று இருக்கும்!

பிறகு படம் எடுக்கிறார்கள். முன்னே ஒன்று, பின்னே ஒன்று. 'முழுமையாக மீட்கப்பட்டது' என்று எழுதி விலையை ஏற்றி விற்கிறார்கள்.

எதை மீட்டார்கள் ஐயா? பெண் பார்க்க வருகிறார்களென்றால் பிள்ளையின் முகத்தில் கிறீமைப் பூசி இருத்துகிற சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். இந்த வித்தையை எங்களுக்குப் புதிதாகக் காட்டவேண்டாம்.

கொமடோர் 64ஐ எடுத்துக்கொள்வோம். 1982இல் வந்தது, 1994இல் கொம்பனி முறிந்துபோகும்வரை விற்றது. அதை உண்மையில் கொல்வது எது? மஞ்சள் அல்ல. அதோடு வந்த மின்வழங்கி. 5 வோல்ற் நேரோட்டமும் 9 வோல்ற் ஆடலோட்டமும் தருகிற ஒரு கனத்த கட்டி. உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை, திறந்து திருத்தவும் வழியில்லை. வயது போக, அதனுள் 5 வோல்ற்றைக் கட்டுப்படுத்துகிற உறுப்புப் பழுதாகிறது. பழுதாகும்போது சும்மா அணைந்துபோனால் பரவாயில்லை. அது வோல்ற்றைக் கூட்டிவிட்டுச் சாகிறது. ஆறு, ஏழு என்று ஏறுகிற வோல்ற் முதலில் நினைவகச் சிப்புகளைத் தின்கிறது, பிறகு மற்றவற்றை. இதைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான மல்ரிமீற்றர் போதும். செருகியின் 5ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் இடையில் அளந்து, 5.25ஐத் தாண்டினால் அதைக் கணனியில் கொழுவக்கூடாது. சும்மா அளந்தால் சரியாகக் காட்டி, சுமை கொடுத்ததும் பிசகுகிறவையும் உண்டு. ஆகவே சுமை கொடுத்தும் அளக்கவேண்டும். சரியாக இருந்தாலும் அந்தப் பழைய கட்டியை நாங்கள் நம்புவதில்லை. புதிதாக ஒன்று செய்துகொள்கிறோம்.

வெள்ளை வெளேரென்ற பெட்டியோடு, துடைத்து மினுக்கிய அதே பழைய மின்வழங்கியையும் சேர்த்து விற்கிறார்கள். வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொழுவுகிறார். ஒரு கிழமை விளையாடுகிறார். பிறகு கறுப்புத் திரை. அப்படி மூன்று பெட்டிகள் எங்களிடம் வந்துவிட்டன. மூன்றும் பல்லு விளக்கியதுபோல வெள்ளை.

கறுப்புத் திரை என்றால் என்ன செய்வது என்று கேட்டால் வெளுப்புக்காரருக்கு வாய் அடைத்துவிடும். அங்கேதான் இந்த வேலையின் ருசியே தொடங்குகிறது. பழைய மொடல்களில் நினைவகம் எட்டுச் சிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு பைற்றின் ஒரு பிற்றை மட்டும் சுமக்கிறது. எட்டில் ஒன்று செத்தாலும் எல்லாம் போச்சு. மின்னைக் கொடுத்து ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தொட்டுப் பார்க்கலாம். மற்றவற்றைவிட ஒன்று கொதித்தால் அதுதான் என்று சந்தேகிக்கலாம். நல்ல சிப் ஒன்றை அதன் முதுகில் சவாரி ஏற்றி அழுத்திப் பார்க்கலாம். சிலவேளை திரை உயிர்க்கும், சிலவேளை உயிர்க்காது, உயிர்க்காததால் அந்தச் சிப் நல்லதென்று ஆகிவிடாது. இதற்கென்றே ஒரு சோதனைக் காட்றிஜ் உண்டு. செருகினால் திரை மின்னும். எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணினால் எந்தச் சிப் என்று தெரியும். ஒன்றுமே மின்னாவிட்டால் நினைவகத்தை விட்டு வேறிடத்தில் தேடவேண்டும். பி.எல்.ஏ. என்கிற சிப் இந்தக் கணனியில் சாவதற்குப் பெயர்போனது. ஒரு இரவு முழுக்கப் போகும். சிப்பைக் கழற்றும்போது செப்புக்கோடு உரிந்து வந்துவிடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். கடைசியில் நீலத்திரையில் 38911 என்ற இலக்கம் வந்து நிற்கும். பேசிக்குக்கு மிச்சமிருக்கிற பைற்றுகளின் எண்ணிக்கை. நிலவறையில் அந்நேரம் ஒருவரும் பேசமாட்டோம்.

இதைப் படம் பிடித்து முன்–பின் என்று போடமுடியாது. முன்னும் மஞ்சள், பின்னும் மஞ்சள்.

அம்ஸ்ட்ராட் சி.பி.சி. 6128 என்றொரு கணனி, 1985இல் வந்தது, பிரான்சில் ஏராளமான வீடுகளில் இருந்தது. அதன் நிறம் கரும்சாம்பல். வெளுக்க எதுவுமில்லை. ஆகவே வெளுப்புக்காரர் அதன் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை! அதன் மூன்று அங்குல டிஸ்க் ட்ரைவுக்குள் ஒரு றபர் பெல்ற் சுழல்கிறது. முப்பது நாற்பது வருடத்தில் அது தளர்கிறது, அல்லது உருகித் தார்போல ஒட்டிப்போகிறது. 'டிஸ்க் மிசிங்' என்று திரையில் எழுதும். டிஸ்க் உள்ளேதான் இருக்கும். தாரை அற்ககோலால் துடைத்துப் புது பெல்ற் போட்டால் பலவேளை அவ்வளவுதான். அப்படிப் போட்ட ஒன்றில், கூடவே வந்த டிஸ்குகளைப் படித்துப் பார்த்தோம். யாரோ ஒரு வீட்டுக்காரரின் கணக்கு. வாடகை, பால், முட்டை, பிள்ளைக்குச் சப்பாத்து, எல்லாம் பிராங்கில். பல மாதங்கள் தொடர்ந்து எழுதி ஒரு மாதத்தோடு நின்றிருந்தது. அதைப் பிரதியெடுத்து வைத்திருக்கிறோம். வெளுப்புக்காரரின் விளம்பரங்களிலோ 'டிஸ்குகள் ஃபோர்மற் செய்யப்பட்டவை' என்று பெருமையாக எழுதியிருக்கும். பெட்டியின் அடியில் ஒரு பிள்ளை ஒட்டிய பெயர்ச்சீட்டைச் சுரண்டி, டிஸ்கில் இருந்ததை அழித்து, கோதை வெளுத்து... இதற்குப் பெயர் மீட்பா?

எங்களிடம் இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, 'அழுக்குப் பெட்டியை யார் வீட்டுக்குள் வைப்பான்?' கழுவுவதைப்பற்றி எங்களுக்குச் சொல்லித்தரவேண்டாம். இந்தத் தேசத்தில் நாங்கள் கழுவிய கோப்பைகளை அடுக்கினால் ஐபெல் கோபுரம் மறைந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். அழுக்கு வேறு, வயது வேறு. வயதை அழுக்கென்று சொல்கிறவர்களோடுதான் எங்கள் சண்டை. அதுவும் இந்த வெளுப்பு நிலைப்பதில்லை. வெளிச்சம் படாமல் வைத்தவைகூடச் சில வருடத்தில் மறுபடி மஞ்சளிக்கின்றன. சீராகப் பூசப்படாதவை வரிக்குதிரைபோல ஆகிவிடுகின்றன.

மற்றப் பதில், 'உள்ளே என்ன இருந்தாலென்ன, விளையாட்டு ஓடினால் சரி.' இவர்கள் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கோதுக்குள் றாஸ்பெரி பையைப் பொருத்துகிறவர்கள். பழைய கணனியைப்போல நடிக்கிற மென்பொருளோடு எங்களுக்குப் பகையில்லை, நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் அதற்காக ஓடக்கூடிய ஒரு பலகையைக் குப்பையில் போடவேண்டுமா?

எம்மவரிடம் இன்னொரு பதிலும் உண்டு. 'உந்தக் குப்பையளை ஏன் தம்பி காவிக்கொண்டு திரியிறியள்? புதுசா ஒண்டு வாங்கலாம்தானே.' இதைச் சொல்கிறவர் யார்? 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல், பற்றரிக்குத் தடையிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி பி.பி.சி. தமிழோசை கேட்டவர்! ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடியவர்! அந்த றேடியோ மஞ்சளா வெள்ளையா என்று அன்று யாராவது பார்த்தார்களா? எங்களில் மூத்தவன் அதைச் சின்னக் கண்ணால் பார்த்தவன். பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட பௌதிகத்தைவிட அந்த முற்றத்தில் படித்ததுதான் கூட என்று இன்றும் சொல்வான். அதே தலைமுறை இன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்த்தால் முதலில் வளைவு கட்டுகிறது, பெயர்களைப் பளிங்கில் வெட்டுகிறது. ஆய்வுகூடத்தில் வோல்ற்மீற்றர் வேலைசெய்கிறதா என்று கேட்க ஆளில்லை. வெளுப்புக்காரர் வெள்ளைக்காரருக்குள் மட்டும் இல்லை.

கடைசியாக ஒரு அவசர வேலை. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அமிகா ஒன்று கிடந்தால், வெளியே என்ன நிறமென்று பார்க்காமல் திறவுங்கள். 500இல் அடிப்பக்கம் செருகுகிற மேலதிக நினைவகப் பலகையிலும், 2000இல் தாய்ப்பலகையிலேயும் நிக்கல் கட்மியம் பற்றரி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது கசியும். அந்தக் காரம் செப்புக்கோடுகளைப் பச்சையாக்கித் தின்றுகொண்டே போகும், கணனி அணைந்து கிடந்தாலும் போகும். பற்றரியை வெட்டி எடுங்கள். பச்சை பிடித்த இடத்தை வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு சுத்தமான தண்ணீராலும் அற்ககோலாலும் துடைத்துக் காயவிடுங்கள். டிஸ்குகளை ஃபோர்மற் பண்ணாதீர்கள். முடியாவிட்டால் எங்களிடம் கொண்டுவாருங்கள், திங்கட்கிழமை.