லாயத்தில் ஒரு நைட் ஷிஃப்ட்!



எங்க ஊர் முத்தாண்டிக்குப்பம். முந்திரித் தோப்பும் பலாவும்தான் அடையாளம். குதிரைன்னா எங்களுக்கு அய்யனார் கோயில் மண் குதிரைதான். அதுக்குத் தீனியும் வேண்டாம், காவலும் வேண்டாம்! ஆனா, நைட் ஷிஃப்ட்னா என்னன்னு நல்லாவே தெரியும். நெய்வேலி சுரங்கத்துக்கு டிபன் பாக்ஸோட ராத்திரி கிளம்பிப் போறவங்களைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. குதிரைப் பண்ணையிலும் அப்படி ஒரு நைட் ஷிஃப்ட் இருக்கு. இந்த வாரம் அங்கேதான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்.

'குதிரைப் பண்ணையெல்லாம் வெளிநாட்டுல தானே?'ன்னு கேட்காதீங்க. நம்ம ஓசூர் பக்கம் மத்திகிரியில் இருக்கிற அரசு கால்நடைப் பண்ணை, 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியதுதான். நூறு வருஷம் கழித்து, 1924-ல்தான் கால்நடைத் துறை கைக்கு வந்தது. கர்நாடகத்தில் இருக்கும் குணிகல் பண்ணை இன்னும் பழசு. திப்பு சுல்தானின் குதிரைப் படைக்காக உருவானது, பிறகு ரேஸ் குதிரைகளை வளர்த்தது.

சரி, ஒரு நாள் வேலை பார்ப்போமா? விடியற்காலையில் தீனி. ஓட்ஸ், கொள்ளு, புல், குதிரைமசால். தொட்டியில் மிச்சம் இருந்தா உஷாராகணும். சாப்பிடாத குதிரைக்கு ஏதோ பிரச்னைன்னு அர்த்தம். அப்புறம் ஜுரம் பார்க்கணும், குளம்புக்குள் சிக்கின மண்ணைச் சுரண்டணும், குதிரைகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடணும், லாயத்தில் சாணி அள்ளணும். டாக்டர் வந்து ஸ்கேன் பண்ணி, எது சினை, எது இல்லைன்னு சொல்வார். சாயங்காலம் திரும்ப உள்ளே கொண்டு வரணும். தினமும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல்... எதுக்கும் லீவு கிடையாது!

இதில் ஒரு சுவாரஸ்யம். இந்தியாவில் ரேஸ் குதிரைகள் எல்லாத்துக்கும் ஜனவரி 1-தான் பிறந்த நாள். டிசம்பர் 31 ராத்திரி ஒரு குட்டி பிறந்தா, விடிஞ்சதும் கணக்குப்படி அதுக்கு ஒரு வயசு! தன்னைவிடப் பல மாசம் பெரிய குதிரைகளோட ஓடணும். அதனால வருஷத் தொடக்கத்திலேயே குட்டிகள் பிறக்கிற மாதிரி, பதினோரு மாசச் சினைக் காலத்தைக் கணக்குப் போட்டு இணை சேர்ப்பாங்க.

அந்த சீசனில்தான் நம்ம நைட் ஷிஃப்ட். பெரும்பாலான குதிரைகள் ராத்திரியில்தான் குட்டி போடும். காம்பு நுனியில் மெழுகு மாதிரி துளி தெரியுதா? வேர்க்குதா? நிலைகொள்ளாம சுத்தி வந்து வயித்துப் பக்கமே திரும்பிப் பார்க்குதா? காவல்காரர் ஒரு கண் மூடாம பார்த்துக்கிட்டே இருக்கணும். சத்தம் போடக் கூடாது, குறுக்கே போகவும் கூடாது. பல ராத்திரி ஒண்ணுமே நடக்காது.

நடக்கிற ராத்திரியில் எல்லாம் நிமிஷக் கணக்கு. முதலில் வெள்ளை நிறப் பை தெரியணும். அதுக்குப் பதிலா வெல்வெட் மாதிரி சிவப்பா தெரிஞ்சா ஆபத்து. நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சிடுச்சு, உள்ளே குட்டிக்கு ஆக்சிஜன் போகலைன்னு அர்த்தம். டாக்டர் வரும் வரை காத்திருக்க நேரமில்லை. அந்தப் பையை அங்கேயே கிழிச்சு, குட்டியை வெளியே எடுத்தாகணும். அந்த நேரத்தில் காவல்காரர் கண்ணசந்திருந்தா..?

எல்லாம் நல்லபடியா நடந்தா, அப்புறம் ஒன்று-இரண்டு-மூன்று கணக்கு. ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்கணும், இரண்டு மணியில் பால் குடிக்கணும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழணும். அந்த முதல் பால், நம்ம சீம்பால், ரொம்ப முக்கியம். பிறக்கும்போது குதிரைக்குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட கிடையாது. சீம்பாலில்தான் அது வரணும். அதையும் குட்டியின் குடல் முதல் ஒரு நாள்தான் அப்படியே ஏத்துக்கும்.

பார்த்துக்க ஆள் இல்லாட்டி என்ன ஆகும்? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்கார். ராஜாக்கள் கடல் தாண்டி வந்த குதிரைகளை ஆயிரக்கணக்கில் வாங்கினாங்களாம். வருஷம் முடியறதுக்குள்ள பெரும்பாலானவை செத்துப் போச்சாம். காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. விற்ற வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களை இங்கே வர விடவும் இல்லையாம். குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! ராஜாவிடம் பணம் இருந்தது. விவரம் தெரிஞ்ச ஒரு ஜோடிக் கண்தான் இல்லை.

இன்னிக்கு அந்தக் குட்டி வளர்ந்து ரேஸ் ஜெயிச்சா ஓனர், ட்ரெயினர், ஜாக்கி மூணு பேரும் போட்டோவில் நிற்பாங்க. குட்டி பிறந்த ராத்திரி முழிச்சிருந்தவர் அதில் இருக்க மாட்டார். அவர் அடுத்த லாயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார்.

நாமும் நைட் அவுட் போடறோம், செமஸ்டருக்கு முந்தின நாள் மட்டும்! மார்க்குக்காக முழிக்கிறது தப்பில்லை, பாஸ். ஆனா, உங்க வீட்டிலும் யாரோ ஒருத்தர் உங்களுக்காகப் பல வருஷம் முழிச்சிருப்பாங்க. சுரங்கத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, ஏ.டி.எம். வாசலிலோ. நாளைக்குக் காலையில் அவங்க வீட்டுக்கு வரும்போது டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. ஒரு டீயும் போட்டுக் கொடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!