ஷிப்ட் 4-ல் எதற்கு டாலர்?



காப்பி, மிளகு கணக்கு அடிக்க ₹ எந்தக் கீயில் இருக்கிறது என்று நேற்று நம் குழுவில் கேட்டிருந்தேன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதும் பிள்ளை ஒருவன், "ஆர்.எஸ். போட்டு விட்டுடுங்க சார், கீபோர்டு அப்படித்தான் வரும்" என்று பதில் போட்டான். இந்த "அப்படித்தான் வரும்" என்ற பேச்சை விரட்டத்தானே இத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்றேன்!

யார் சொன்னது அப்படித்தான் வரும் என்று? லண்டன் கடையில் வாங்கும் கீபோர்டில் ஷிப்ட் 3 அழுத்தினால் £ வரும். அவர்கள் காசு, அவர்கள் விரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. நம் ₹ 2010-ல் வந்தது. வரைந்த உதயகுமார் நம் தமிழ்ப் பிள்ளை. இன்றும் இங்கே ஷிப்ட் 4 அழுத்தினால் $ தான்.

தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். 1999-ல் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். தமிழ் எழுத்து எதற்கும் ஷிப்ட் வேண்டாம், ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிப்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். (என் பேத்தி பெயர் ஜ-வில் தொடங்குகிறது, எனக்கு அதில் மனக்குறை உண்டு. அது வேறு சண்டை.) ஷிப்டில் எது இருக்க வேண்டும் என்பது மனிதர் எடுத்த முடிவு. வானத்திலிருந்து விழுந்ததல்ல.

பேரன் கொடுத்த கீபோர்டில் க்யூ.எம்.கே என்ற பர்ம்வேர் ஓடுகிறது. இலவசம், யாரும் திருத்தலாம். முதலில் ₹-ஐ நேரடியாக அனுப்பப் பார்த்துத் தோற்றேன். கீபோர்டு எழுத்தை அனுப்புவதே இல்லையாம். எந்தக் கீ என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது, எழுத்தாக்குவது கம்ப்யூட்டர். விண்டோஸில் "இங்கிலீஷ் (இந்தியா)" வைத்தால் வலது ஆல்ட்டும் 4-ம் சேர்ந்து ₹ தரும். ஆனால் அது பலருக்குத் தெரியாது, கீயிலும் அச்சிட்டிருக்காது. ஆகவே "ஷிப்டோடு 4 வந்தால், ஷிப்டை மறைத்து வலது ஆல்ட்டோடு 4 அனுப்பு" என்று எழுதினோம். இதற்குப் பெயர் கீ ஓவர்ரைடு. ஒரே ஒரு வரி! $ போய் இரண்டாம் அடுக்கில் உட்கார்ந்துவிட்டது. அடுக்கத்தில் அடுக்குக்கா பஞ்சம்?

எழுபது தாண்டிய கிழவனுக்கு ஒரு மாலை போதுமாயிருந்தது. இதையே சம்பளத்துக்குச் செய்கிற உனக்கு "அப்படித்தான் வரும்" என்று சொல்ல வாய் எப்படி வந்தது தம்பி?

லேப்டாப் கீபோர்டில் இந்த வழி சரிப்படாது, அதற்கு கம்ப்யூட்டர் பக்கம்தான் மாற்ற வேண்டும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, சேர்ந்து உட்காருவோம். கும்பக்கரைப் பக்கமாக ஏறுவதானால் ரோட்டில் மண் சரிந்திருக்கிறதா என்று முதலில் போன் போட்டுக் கேள்.