விருந்தினர் வரட்டும், வீட்டுக்காரர் வெளியேற வேண்டாம்

மறைமலைநகரில் வசிப்பவர்களுக்கு ஜெர்மனி அந்நிய நாடன்று. பக்கத்தில் உள்ள மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இயங்குகிறது. ஆனால், தமிழ் மண்ணில் ஜெர்மானியர்களின் மிகப் பழைய சுவடு பதிந்த ஊர் எது என்று கேட்டால் நம்மில் பலர் தடுமாறுவோம். அந்த ஊரான தரங்கம்பாடியில் அண்மையில் ஓர் இரவு தங்கினேன். உணவு விடுதியிலோ, கடற்கரைச் சொகுசு விடுதியிலோ அல்ல. ஒரு குடும்பம் குடியிருக்கும் பழைய ஓட்டு வீட்டில்.

முன்கட்டில் இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு ஒதுக்கிவிட்டு, பின்கட்டில் அந்தக் குடும்பம் வாழ்கிறது. இரவுத் தங்கலும் காலைச் சிற்றுண்டியும் சேர்த்து ஒரே கட்டணம். காலையில் இட்லியும் வெங்காயச் சட்னியும் பரிமாறிய வீட்டுக்கார அம்மா, 'இங்க வர்றவங்க ரெண்டு வகை சார். டென்மார்க்கைத் தேடி வர்றவங்க கோட்டைக்குப் போவாங்க; ஜெர்மனியைத் தேடி வர்றவங்க கோயிலுக்குப் போவாங்க' என்றார். அவர் கோயில் என்றது, 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தை. தரங்கம்பாடியின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் அளித்த இசைவின்பேரில் டேனிஷ்காரர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை ஊரில் பறந்தது டேனிஷ் கொடி. ஆனால், ஊரின் அறிவு வாழ்க்கையில் பெரும்பங்கு ஜெர்மானியர்களுடையது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஹாலே நகரில் பயின்றவர். 1706 ஜூலை 9 அன்று ஹென்றி புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளியானது. 1719-இல் மறைந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறுதான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் கோட்டைக்குள் இருந்தபடி தமிழ் கற்கவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களோடு தம் இருப்பிடத்துக்கு வரவழைத்து, அவர்களோடு அமர்ந்து எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிட்டார். நீதி நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். சமயம், சடங்கு, வாழ்க்கை முறை பற்றி உள்ளூர்த் தமிழர்கள் எழுதிய கடிதங்கள் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. மதம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தை ஏற்காதவர்களும் இருக்கலாம். ஆயினும், ஊராரோடு அமர்ந்து பேசியதால்தான் தமிழரைப் பற்றி ஐரோப்பா அறிந்துகொண்டது என்பது மறுக்க முடியாத உண்மை. கோட்டையும் கொடியும் செய்யாததை ஓர் உரையாடல் செய்தது.

வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கும் சுற்றுலாவின் பொருளும் இதுதான். பயணிக்கு அறை எங்கும் கிடைக்கும். ஊரைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் எங்கும் கிடைப்பதில்லை. மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் எவ்வாறு அரித்தது, 2004 ஆழிப்பேரலை அன்று தெருவில் நீர் எதுவரை வந்தது, மயிலாடுதுறைக்கு ஓடிய ரயில் நின்றபோது ஊர் என்ன ஆனது என்பதையெல்லாம் அந்தக் காலைச் சிற்றுண்டியின்போதுதான் கேட்டறிந்தேன்.

விடைபெறும்போது அந்த அம்மா சொன்னது மனத்தில் தைத்தது. மழைக்கு ஓடு ஒழுகுகிறது. பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து பூசவும், நாட்டு ஓடு மாற்றவும் ஆகும் செலவு, இரண்டு அறைகளின் வருமானத்துக்குள் அடங்காது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டை மொத்தமாக வாங்கி விடுதியாக்க ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கிறார். 'வித்துட்டா கஷ்டம் தீரும் சார். ஆனா அப்புறம் இந்தத் தெருவுல விளக்கு ஏத்த யாரு இருப்பா?' என்றார் அவர்.

இக்கேள்விக்கான விடை உலகின் மறுகோடியில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரெடரிக்ஸ்பர்க் என்ற சிற்றூர், 1846-இல் ஜெர்மானியக் குடியேறிகளால் நிறுவப்பட்டது. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வாழ்ந்த விவசாயிகள், வார இறுதியில் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் வரும்போது தங்குவதற்காக ஊருக்குள் சின்னஞ்சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டனர். 'ஞாயிற்றுக்கிழமை வீடுகள்' என்றே அவற்றுக்குப் பெயர். பிற்காலத்தில் அவற்றில் பலவும் பயணிகள் தங்கும் இடங்களாயின. இடிந்து போயிருக்க வேண்டிய வீடுகளைச் சுற்றுலா காப்பாற்றியது. ஆனால், வீட்டுக்காரர் உடன் வாழாத விடுமுறை வாடகை வீடுகள் பெருகியபோது, கடைகளிலும் பள்ளிகளிலும் பணிபுரிவோர் ஊருக்குள் குடியிருக்க வீடு தேடி அலையும் நிலை உருவாயிற்று. நகர நிர்வாகம் விதிகளை இறுக்க வேண்டியதாயிற்று. ஒரே தொழில், ஒரு கட்டத்தில் ஊரைக் காத்தது. மறு கட்டத்தில் ஊராரை வெளியே தள்ளியது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, வீட்டுக்காரர் அந்த வீட்டில் வாழ்கிறாரா என்பதே.

இந்த வேறுபாட்டை நமது சட்டங்கள் அறிந்தே வைத்துள்ளன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'படுக்கையும் காலை உணவும்' திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்துடன் அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஆறு அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும், ஊரகக் கடற்கரைப் பகுதிகளில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், தங்கள் வீட்டின் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்று இடமளித்தது. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் இத்தகைய வீடுகளுக்கு முத்ரா கடன் அறிவிக்கப்பட்டது. ஏட்டில் வழி இருக்கிறது. எளியவர் அதில் நடக்க உதவி இல்லை.

நமது செங்கல்பட்டு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மாமல்லபுரச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. சுற்றுலாவால் வரும் பணத்தில் பெரும்பகுதி கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சொகுசு விடுதிகளுக்குப் போய்ச் சேர்கிறது. அதே கடற்கரையில் மீனவர் குடியிருப்புகள் உள்ளன. உளியோசை கேட்கும் சிற்பிகளின் தெருக்கள் உள்ளன. அங்கு ஓர் இரவு தங்க விரும்பும் பயணிக்கு வழிகாட்டுவோர் இல்லை. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கோட்டையும், செதுக்கிய கல்லறைகளும் இருக்கின்றன. பயணிகள் காரில் வந்து, அரை மணி நேரம் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஊருக்கு ஒரு தேநீரின் விலைகூட மிஞ்சுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. பழுதுபார்ப்பதற்கும் அனுமதி தேவை. சின்னங்களைக் காக்க இச்சட்டம் தேவைதான். ஆனால், அதன் சுமை முழுவதையும் அருகில் வசிக்கும் எளிய குடும்பமே சுமக்கிறது. வீட்டை விரிக்க முடியாத அந்தக் குடும்பத்துக்கு, இருக்கும் வீட்டிலிருந்தே வருமானம் ஈட்டும் வழியைக் காட்டுவது அரசின் கடமை என்பேன்.

இதில் எதிர்க்கேள்விகள் இல்லாமல் இல்லை. முதலாவது, யார் வீட்டில் தங்குவது? சாதியும் உணவுப் பழக்கமும் பார்க்கும் நம் சமூகத்தில், மீனவர் வீட்டிலும் பட்டியலினத்தவர் வீட்டிலும் விருந்தினர் தங்குவார்களா? தயங்குவோர் இருப்பார்கள். ஆகவேதான் பதிவும் விளம்பரமும் அரசின் பொதுப் பட்டியல் வழியாக நடக்க வேண்டும். இடைத்தரகர் வீடுகளைத் தரம் பிரிக்க விடக் கூடாது. இரண்டாவது, விருந்தினர் வருகையால் கூடும் வேலை பெண்கள் தலையில்தான் விழும். பதிவும் வங்கிக் கணக்கும் அவர்கள் பெயரில் இருந்தால்தான் உழைப்புக்குரிய பலன் அவர்களைச் சேரும். மூன்றாவது, பாதுகாப்பு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். இணையத்தில் இதைச் செய்யப் பழகாதவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் துணைநிற்கலாம்.

செய்ய வேண்டியவை பெரும்செலவு பிடிப்பவையல்ல. பதிவு, காவல் துறைச் சான்று, பழுதுபார்ப்பு அனுமதிக்கான விண்ணப்பம் ஆகிய மூன்றையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரே மேசையில் பெற்றுக்கொள்ளலாம். மரபு வீடுகளின் கூரைக்கும் சுவருக்கும் குறைந்த வட்டிக் கடன் தரலாம். கடன் பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகள் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். உரிமையாளர் வசிக்காத வீடுகளை இத்திட்டத்தில் சேர்க்காமல், வணிக விடுதிகளுக்கான வரியையும் விதிகளையும் அவற்றுக்குப் பொருத்தலாம். மாமல்லபுரத்தில் சிற்பிகள் தெருவிலும், சதுரங்கப்பட்டினத்தில் கோட்டையை ஒட்டியும் சில வீடுகளைக் கொண்டு முன்னோட்டமாகத் தொடங்கலாம்.

நமக்கு இது புதிய வழக்கமும் அன்று. வழிப்போக்கர் தங்கத் திண்ணை வைத்து வீடு கட்டியவர்கள் நாம். பெருவழிகளில் சத்திரங்கள் அமைத்தவர்கள். அன்று அது அறமாக இருந்தது. இன்று அது ஒரு குடும்பத்தின் பிழைப்பாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் இல்லம் ஹாலே நகர அறக்கட்டளையின் துணையோடு சீரமைக்கப்பட்டு, 2017 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. இறந்தவர் வாழ்ந்த வீட்டைக் காக்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை, அதே ஊரில் இன்னமும் மக்கள் வாழும் வீடுகளின்மீதும் காட்ட வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த ஓட்டைக் கூரைக்கு ஒரு வழி பிறக்க வேண்டும்; அந்த அம்மா வீட்டை விற்காமல் இருக்க வேண்டும்.