இரண்டு திருகாணிகள்

பழைய இசைத்தட்டுகளை மீண்டும் கேட்கும் ஆசை நம் குடும்பங்கள் சிலவற்றில் திரும்பியிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், ஹெட்ஷெல்லில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் இரண்டு சின்னத் திருகாணிகளை மறந்துவிடுகிறார்கள்.

ரயில் பாதையில் ஃபிஷ்பிளேட் போல்ட் தளர்ந்தால் அடி வாங்குவது தண்டவாளத்தின் முனை. இங்கே அடி வாங்குவது தட்டின் பள்ளம். ஊசிதான் அதிர வேண்டும். கார்ட்ரிட்ஜ் அசையவே கூடாது. அசைந்தால் ஒலி கெடும், பள்ளமும் தேயும்.

வேலை எளிது. முதலில் ஊசிக்கு மூடி போடுங்கள். துளைகளின் இடைவெளி பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பித்தளை அல்லது அலுமினியத் திருகாணி நல்லது. இரும்பைக் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுக்கும். இரண்டையும் லேசாக மாட்டி, அளவு அட்டையில் ஊசியின் இடத்தைச் சரிபார்த்தபின், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அசைவு நின்றதும் நிறுத்துங்கள். பலம் காட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். கடைசியில், தயாரிப்பாளர் குறித்த கிராம் கணக்கில் ஊசியின் அழுத்தத்தை வையுங்கள்.

1963-ல் வெளிவந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டைப் பெற்றோர் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த வீடுகள் நம்மிடையே உண்டு. புதுக் கார்ட்ரிட்ஜ் கடையில் கிடைக்கும். அவர்கள் கைபட்ட தட்டு தேய்ந்தால் எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே அன்பர்களே, கடைப்பையனின் அவசரத்துக்கு விடாமல், அரைமணி ஒதுக்கி நாமே முடுக்குவோம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைப்போம்.