பிஷ்கெக்கின் வாய்க்காலும் புகையும்

குதிரைப்பாலைத் தோல்பையில் ஊற்றிப் புளிக்கவைத்துக் கடையும் மத்துக்குக் கிர்கிஸ் மொழியில் பிஷ்கெக் என்று பெயர். கிர்கிஸ்தான் தலைநகரின் பெயரும் அதிலிருந்து வந்ததாகவே அங்கு பலரும் சொல்கிறார்கள். 1825இல் கோகந்த் ஆட்சியாளர்கள் கோட்டை கட்டிய இடம் அது. 1926 முதல் 1991 வரை, அங்கே பிறந்த செம்படைத் தளபதி ஃப்ரூன்ஸேயின் பெயரை அந்நகரம் தாங்கியிருந்தது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நகரம். தெற்கே பனி மூடிய அலாதோ மலைகள். மழை வசந்தத்தில்தான் அதிகம் பெய்யும். ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. அப்படியிருந்தும் தெருவெல்லாம் ஓக்கும் எல்மும் பாப்ளாரும் நிற்கின்றன என்றால், அதற்குக் காரணம் 'அரிக்' எனப்படும் வாய்க்கால்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே, ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய அகலத்தில் திறந்த வாய்க்கால். அதில் மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர். பம்பு செட் தேவையில்லை. நிலத்தின் சரிவே போதும். மரத்தின் வேர் நனைகிறது, தெருவும் குளிர்கிறது.

கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' கதையைத் தமிழில் படித்தவர்களுக்குக் குன்றின் மேல் நிற்கும் அந்த இரண்டு பாப்ளார்கள் நினைவிருக்கும். மரம் நட்டு வளர்ப்பது அந்த மண்ணில் எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்குப் புரியும். 2017இல் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது பிஷ்கெக் மக்கள் கொதித்தெழுந்தது அதனால்தான். மரம் போனால் அதன் காலடியில் ஓடிய வாய்க்காலையும் மூடிவிடுகிறார்கள். இதை வளர்ச்சி என்று ஏற்க என்னால் முடியவில்லை.

கோடையின் கதை இது. குளிர்காலத்தில் இதே நகரம் மூச்சுத் திணறுகிறது. குளிர்ந்த கனத்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிட, வெப்பமான காற்று அதன் மேல் மூடிபோல் படிகிறது. கீழே எழும் புகைக்குப் போக்கிடம் இல்லை. மலைமேல் நின்று பார்த்தால் வானம் நீலமாக இருக்கும். நகரம் இருக்குமிடத்தில் பழுப்புப் படலம்தான் தெரியும்.

பழி பெரும்பாலும் நகரின் விளிம்பில் வாழ்பவர்கள் மீதே விழுகிறது. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு பிழைப்புத் தேடி வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட புறநகர்கள் அவை. நகரின் நடுவே உள்ள அடுக்குமாடிகளுக்கு 1961இல் தொடங்கிய அனல்மின் நிலையத்திலிருந்து குழாய் வழியே வெந்நீர்ச் சூடு வருகிறது. அந்தக் குழாய் இந்தப் புறநகர்களை எட்டவில்லை. அங்குள்ள குடும்பம் வாளியில் நிலக்கரி அள்ளி வந்து, கணப்பில் போட்டுத்தான் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காக்க முடியும். அவர்களை அபராதம் போட்டு மிரட்டுவது அநியாயம். நடு நகரத்துக்குச் சூடு தரும் நிலையமும் நிலக்கரியைத்தானே எரிக்கிறது? அதுவும் மூப்படைந்து தள்ளாடுகிறது. 2018 ஜனவரியின் கடுங்குளிரில் பழுதாகி நகரத்தையே நடுங்கவிட்டது; 2024 பிப்ரவரியில் அங்கே வெடிவிபத்து நடந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள்.

அரசு முதலில் செலவழிக்க வேண்டியது இங்கேதான்: விளிம்பு வீடுகளுக்கு எரிவாயு இணைப்பும், கட்டுப்படியாகும் விலையில் மின்சாரமும், சூடு வெளியேறாத சுவர்களும். சாலை விரிவாக்கம் அதற்குப் பிறகு வரட்டும். வாய்க்கால்களைப் பொறுத்தவரை, ஊர்கூடிச் செய்யும் வேலைக்கு 'அஷார்' என்ற சொல்லைக் கிர்கிஸ் மக்கள் இன்னும் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள், நம் குடிமராமத்தைப் போல. மண்வெட்டியோடு இறங்கித் தூர்வார அவர்கள் தயங்க மாட்டார்கள். நகராட்சி வாய்க்காலின் மேல் சிமென்ட் பூசாமல் இருக்க வேண்டும்.