பழைய வாட்ச் செயின் தளர்ந்திருக்கிறதா?

அப்பா கட்டிய பழைய வாட்ச் பெட்டியில் கிடக்கிறதா? எடுத்துக் கட்டுமுன் ஸ்டீல் செயினைச் சோதியுங்கள்.

செயினின் ஒரு நுனியைப் பிடித்து, விளிம்பு கீழே இருக்கும்படி படுக்கையாக நீட்டுங்கள். லேசாக வளைந்தால் பயமில்லை. வாடிய முருங்கைக்காய் மாதிரி தொங்கினால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"செயின் நீண்டுபோச்சு" என்போம். உண்மையில் நீள்வது உலோகமல்ல. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளும் துளைகளும் தேய்ந்து, இடைவெளி விழுகிறது. வியர்வையில் ஊறிய அழுக்குதான் அரமாக ராவுகிறது. தகட்டை மடித்துச் செய்த கண்ணிகள் சீக்கிரம் தளரும்.

செயினை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரமில்லாமல் உலர்த்துங்கள். ஊசி துருத்தியிருந்தால் வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்து மாற்றாமல் கட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கும் கையாச்சே, கீறிவிடும்!